கொல்லை வேலி: கடப்பாரை யார் கையில்?

நூறு அடி வேலியை வீட்டுக்காரர்களே போடுவதா, ஆளை விட்டுப் போடுவதா? கணக்கு, மண், சட்டம், பக்கத்து வீட்டு உறவு என எல்லாமே இதில் அடங்கியிருக்கிறது.

முந்தின நாள் நட்ட முருங்கைக் கன்றை ஆடு மேய்ந்துவிட்டுப் போயிருக்கும். மறுநாள் காலைக் காபியோடு வேலிப் பேச்சு தொடங்கிவிடும். "ரெண்டு ஆளை விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்பார் கணவர். "நூறு அடிக்கு எதுக்குங்க ஆளு? தம்பி லீவுல வர்றான், நாமளே போட்டுரலாம்" என்பார் மனைவி. புறநகரில் மனை வாங்கி வீடு கட்டி, கொல்லையில் நாலு தென்னை, ஒரு வாழை, ஒரு கீரைப்பாத்தி என்று வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், வேலியை ஒரே வேலையாகப் பார்ப்பதால்தான் முடிவெடுப்பது சிக்கலாகிறது. எல்லை பார்ப்பது, குழி தோண்டுவது, கால் நடுவது, கான்கிரீட் காயும்வரை காத்திருப்பது, கம்பி இழுத்துக் கட்டுவது என்று வேலி ஐந்து வேலைகளின் தொகுப்பு. இவற்றில் ஒன்றை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. ஒன்றைத் தாராளமாகக் கூலிக்கு விடலாம். இன்னொன்றில், கைதேர்ந்த ஆளைவிட அவசரமில்லாத வீட்டுக்காரரே நன்றாகச் செய்துவிடுகிறார்.

நூறு அடியின் எடை

முதலில் கணக்கு. 40-க்கு 60 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டு. முன்னால் வீடு, பின்னால் கொல்லை. பின்பக்கம் 40 அடி, இரண்டு பக்கவாட்டிலும் 30 அடி வீதம் மொத்தம் 100 அடி வேலி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 11 கால்கள். இரண்டு மூலைக்கால்களுக்கு இரண்டிரண்டு முட்டுக்கால், இரண்டு கடைசிக் கால்களுக்கு ஒவ்வொன்று. ஆக, 6 முட்டுக்கால்கள். மொத்தம் 17 குழிகள்.

கால்களுக்கு ஓரடி நீள அகலத்தில் 2 அடி ஆழம், முட்டுகளுக்கு ஓரடி ஆழம் என்று வைத்தால் வெளியே வரும் மண் 28 கன அடி. எடை போட்டால் ஒன்றேகால் டன்னை ஒட்டி வரும். அந்தக் குழிகளை நிரப்ப ஏறக்குறைய 25 கன அடி கான்கிரீட் வேண்டும். 1:3:6 கலவைக்கு மூன்று மூட்டை சிமென்ட் போதும். சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து நாலு. மணல் 12 கன அடி, ஜல்லி 23 கன அடி. நாலங்குலச் சதுரத்தில் 7 அடி நீளமுள்ள சிமென்ட் கால் ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். கருங்கல் கால் என்றால் ஒருவர் தனியாகத் தூக்க நினைக்கவே கூடாது.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு திடமான ஆட்கள் இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலைதான் இது. ஆனால், மண் ஒத்துழைக்க வேண்டும். மழை பெய்து நாலு நாள் ஆன செம்மண்ணில் கடப்பாரை இறங்குகிற வேகம் வேறு. சித்திரை வெயிலில் இறுகிக் கிடக்கும் கரிசலில் வேறு. ஓரடிக்குக் கீழே சுக்கான் பாறை தட்டினால், முதல் குழியிலேயே உள்ளங்கை கொப்பளித்துவிடும். அதனால், முடிவெடுக்கும் முன் கொல்லையின் இரண்டு மூலைகளில் சோதனைக்குழி தோண்டிப் பார்ப்பது நல்லது. ஒரு குழிக்கு அரை மணி நேரம் ஆனால் சொந்தக் கையை நம்பலாம். ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால் குழி வேலையை மட்டுமாவது கூலிக்கு விட்டுவிடலாம். இயந்திரத்தால் குழி போடும் வசதியும் பல ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழையில் உப்பும், கோடையில் வெடித்து வாய் பிளக்கும். இரண்டு அடியில் நட்ட கால் அந்த மண்ணில் இரண்டே கோடையில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அங்கே குழி இன்னும் அரையடியாவது இறங்க வேண்டும். கடலோர ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. உப்புக்காற்று சிமென்ட் காலுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, காலையே வெடிக்கச் செய்துவிடும். கம்பி மேலாக இருக்கும் மட்டமான கால்களை அங்கே வாங்கவே கூடாது. கல்லுக்கால் கிடைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி, கொங்குப் பகுதிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கல் துருப்பிடிப்பதும் இல்லை, செல்லரிப்பதும் இல்லை.

குழி போடும் முன் கொல்லையில் மண்ணுக்குள் என்னென்ன ஓடுகிறது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். செப்டிக் டேங்க், போர்வெல் குழாய், மோட்டாருக்குப் போகும் ஒயர் மூன்றும் பெரும்பாலும் வீட்டின் பின்பக்கம்தான் இருக்கும். வீடு கட்டும்போது கூடவே நின்றவருக்குத்தான் அது தெரியும், வெளியிலிருந்து வரும் ஆளுக்குத் தெரியாது.

எல்லையைப் பிறரிடம் விடாதீர்கள்

எவ்வளவு நம்பிக்கையான மேஸ்திரி கிடைத்தாலும், எல்லை பார்க்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்காரர் வெளியூர் போகக் கூடாது. பழைய வேலியின் சுவட்டையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் பார்த்துக் கண்மட்டத்தில் நூல் பிடிப்பவர்கள் உண்டு. அரையடி இப்படியோ அப்படியோ போனால் அவர்களுக்கு நஷ்டமில்லை. இரண்டு வீடுகளுக்கு இடையே பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

பட்டாவையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு அளப்பது முதல் படி. நகரப் பகுதியில் டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். பழைய பத்திரத்தில் அளவு அடியில் இருக்கும், புலப்படத்தில் மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதை மறந்து தோராயமாக மாற்றும்போதுதான் அரையடி, முக்கால் அடி தகராறுகள் பிறக்கின்றன. எல்லைக்கல் கண்ணில் படவில்லை என்றாலோ, பக்கத்து மனைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, கட்டணம் செலுத்தி நில அளவரை வரவழைக்கலாம். இணையவழியிலேயே விண்ணப்பிக்கும் வசதி இப்போது இருக்கிறது. அரசு நட்ட அளவைக் கல்லை நகர்த்துவதோ பிடுங்குவதோ தண்டனைக்குரிய குற்றம். குழி தோண்டும்போது குறுக்கே நிற்கிறதே என்று கல்லை ஓரமாகத் தூக்கிவைக்கும் ஆட்களைக் கண்காணிக்கவாவது வீட்டுக்காரர் அங்கே நிற்க வேண்டும்.

"ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி" என்பார்கள். எல்லை விஷயத்தில் அப்படியொரு நிலைமை வரக் கூடாது. அளக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் வரச்சொல்லி, "அண்ணே, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்று டேப்பின் மறுமுனையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால், பிறகு வரக்கூடிய பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இது வெறும் நல்லுறவுப் பேச்சு இல்லை. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவருடைய இடத்தை இன்னொருவர் வெளிப்படையாக, உரிமைக்கு எதிராக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்துவிட்டால், அதை மீட்க வழக்குப் போடும் கெடு முடிந்துபோகிறது. 1882-ம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டமோ, 20 ஆண்டுகள் உரிமையாகவும் தடையின்றியும் நடந்துவந்த பாதைக்குப் பாதுகாப்பு தருகிறது. கொல்லை வழியாகப் பின்வீட்டுக்காரர்கள் காலங்காலமாக நடந்துபோகிற மாமூல் தடம் இருந்தால், அதை அடைக்கும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு மூலைக்கால் நிற்கும் விதம்

சொந்தமாகப் போட்ட வேலிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் மூலையில்தான். நடுக்கால்களுக்குச் சுமை குறைவு. கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்குவது மூலைக்கால். இரண்டு திசையிலிருந்தும் கம்பி இழுக்க, அது மெல்ல உள்பக்கம் சாயும். அது சாய்ந்தால் மொத்த வேலியும் தொளதொளத்துப்போகும். அந்தச் சாய்வைத் தடுக்கத்தான் முட்டுக்கால்கள்.

மூலை நேர்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்வது எளிய வழி. மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடியில் ஓர் ஆணி, மறுபக்கம் 8 அடியில் ஓர் ஆணி. இரண்டுக்கும் குறுக்கே பிடிக்கும் டேப் சரியாக 10 அடி காட்டினால் மூலை நேராக இருக்கிறது. மனையே கோணலாக இருந்தால் எல்லைக்கல்லைத்தான் பின்பற்ற வேண்டும். வேலியை நேராக்கப் போய் எல்லையைத் தாண்டிவிடக் கூடாது.

அடுத்து, கால். முதலில் இரண்டு மூலைக்கால்களையும் இரண்டு கடைசிக் கால்களையும் நட வேண்டும். காலைக் குழியில் இறக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் பார்ப்பார். நூலுக்கும் காலுக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கும்வரை, ஒரு கல்லைச் செருகுவதும் எடுப்பதுமாகப் பத்து நிமிடம் போகும். பிறகு கலவையைக் கொஞ்சம் கொட்டி, கம்பியால் குத்தி, மறுபடி தூக்குக்குண்டு. குழி நிறைந்ததும் மேலே கொஞ்சம் கூம்பாகப் பூசிவிட்டால் மழைத்தண்ணீர் காலடியில் தேங்காமல் வழிந்தோடும்.

மூலைகள் நின்றபிறகு மேலே ஒன்று, கீழே ஒன்றாக நூல் கட்டி, அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் நடுக்கால்கள் நிற்கின்றன. ஒவ்வொரு காலையும் முந்தின காலிலிருந்து மட்டும் அளந்துகொண்டே போனால், அரையங்குலப் பிழை சேர்ந்து கடைசியில் அரையடியாகிவிடும். டேப்பை மூலையிலேயே பிடித்து 10, 20, 30 என்று ஒரே வீச்சில் குறித்துக்கொள்வதுதான் முறை.

ஏழு நாள் யாருக்கு இருக்கிறது?

சொந்தமாகச் செய்பவருக்குப் பெரிய சாதகம் ஒன்று உண்டு. அவருக்கு அவசரம் இல்லை.

கான்கிரீட் போட்ட அன்றே காய்ந்ததுபோலத் தெரியும். உண்மையில் அது வலுப்பெற நாளாகும். சாதாரண போர்ட்லேண்டு சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. எனப்படும் போசோலானா கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும் என்பதே கட்டுமான விதி. அதற்குள் கம்பியை முறுக்கி இழுத்தால், இறுகாத கான்கிரீட்டுக்குள் கால் அசைந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டுவிடும். அடுத்த மழைக்காலத்தில் அது வெளியே தெரியும்.

"ஒரே நாள்ல முடிச்சுத் தர்றோம்" என்று வருகிற குழுவுக்கு இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. வண்டி, ஆட்கள், சாப்பாடு என்று அவர்களுக்குச் செலவு ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் குழி, மதியம் கால், சாயங்காலம் கம்பி என்று போனால்தான் அவர்களுக்கு மிஞ்சும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிழைப்பின் வேகம் அது. ஆனால், வார விடுமுறையில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. ஒரு சனி, ஞாயிறில் கால்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ கம்பி. நடுவில் காலையும் மாலையும் ஒரு வாளித் தண்ணீர்.

ஆள் விடுகிறவர்களும் இதைச் செய்யலாம். வேலையை இரண்டு தவணையாகப் பேசிக்கொண்டு, கால் நட்டதும் ஒரு பகுதி, பத்து நாள் கழித்துக் கம்பி கட்டியதும் மீதி என்று கூலியைப் பிரித்துவிட்டால் போதும்.

ஆளை விடுவதென்றால்

வேலி வேலைக்கு இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தர, கூலி மட்டும் பேசுவது ஒன்று. பொருளோடு சேர்த்து ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று பேசுவது இன்னொன்று. இரண்டாவதில் அலைச்சல் இல்லை. ஆனால், என்ன பொருள் வருகிறது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கியமாகக் கம்பியின் கேஜ். எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் கம்பியின் தடிமன் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. பார்வைக்கு 12-க்கும் 14-க்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால், 14 கேஜில் இரும்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. 12 கேஜ் என்று பேசிவிட்டு 14 கேஜ் வலையைக் கொண்டுவந்து கட்டினால், வாங்கியவருக்கு அது தெரியவருவதற்குள் கூலியும் போய்விடும். கடையில் கேஜ் பார்க்கும் தகடு வைத்திருப்பார்கள். வலை இறங்கிய உடனே ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம். வலையின் கண் எத்தனை அங்குலம், துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. கம்பிதானா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியத் தர அமைப்பு வலைக்கம்பிக்கு ஐ.எஸ். 2721, முள்கம்பிக்கு ஐ.எஸ். 278 என்று தரம் வகுத்திருக்கிறது. கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டாலே பேச்சின் தோரணை மாறிவிடும்.

ஒரு தாளில் இவ்வளவு எழுதினால் போதும்: எத்தனை அடி, எத்தனை கால், காலின் நீளம், குழியின் ஆழம், முட்டுக்கால் எண்ணிக்கை, கம்பியின் கேஜ், கான்கிரீட் கலவை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். "முட்டுக்கால் இந்த ரேட்டுல வராதுங்க" என்ற பேச்சு வேலை பாதியில் இருக்கும்போதுதான் வரும். முன்பே எழுதியிருந்தால் வராது. பணம் வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாக விட்டுப்போனால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ரசீதும் அந்தத் தாளும்தான் அங்கே பேசும்.

தொடவே கூடாத வேலை

ஒரு விஷயத்தில் மட்டும் 'நாமே செய்யலாமா' என்ற கேள்விக்கே இடமில்லை. வேலியில் மின்சாரம்.

காட்டுப்பன்றித் தொல்லைக்கு அஞ்சி, வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேரடியாகக் கம்பிக்கு ஒயர் கொடுக்கும் கொடுமை இன்னும் நிற்கவில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் ஒரே இடத்தில் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் பக்கத்திலேயே தவித்து நின்றன. இதேபோன்ற கம்பிகளில் மனிதர்களும் இறக்கிறார்கள். பல நேரங்களில் வேலி போட்டவரே, அவர் வீட்டாரே.

முறையான சூரிய மின்வேலி வேறு. அதில் உள்ள கருவி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் துடிப்பாக மின்சாரத்தை அனுப்புகிறது; தொட்ட விலங்கு அதிர்ந்து விலகிவிடும். அதற்கும் 2023-ல் தமிழ்நாடு அரசு பதிவு, அனுமதி விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள்தான் அதை அமைக்க வேண்டும். வீட்டு மனைக்கு அது தேவையும் இல்லை.

முள்கம்பி இழுப்பதும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. இழுத்த கம்பி அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும். தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. சிறு கீறல் என்றாலும் டி.டி. எனப்படும் டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நட்டால் வளரும் வேலி

கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத வேலி ஒன்று தமிழ் மண்ணில் எப்போதும் இருந்துவந்திருக்கிறது. கொங்கு நாட்டின் கொறங்காடுகளைச் சுற்றி நிற்பவை கிளுவை வேலிகள். காங்கேயம் மாடுகள் மேயும் அந்த நிலங்களில் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் உள்ளே, கிளுவை வெளியே. கிளுவைக்கு விதைகூட வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில் போத்து வெட்டி ஊன்றினால் துளிர்த்துவிடும். நெருக்கமாக நட்டு, ஆண்டுதோறும் நுனி கழித்துவந்தால் ஆடு புகாத அடர்த்தி வரும். நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடு வாய் வைப்பதில்லை. சளிக்கும் சுரத்துக்கும் இலை வேலியிலேயே கிடைக்கும். இந்த வேலிக்கு ஆள் தேவையில்லை. இரண்டு மூன்று மழைக்காலம் காத்திருக்கும் பொறுமை வேண்டும். அதுவரை உள்பக்கம் முள் அடைப்பு போட்டுச் சமாளிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இதே கேள்விக்கு வேறொரு விடை இருந்தது. அங்கே வளவை, அதாவது வீட்டு மனையைச் சுற்றிப் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக, உயிருள்ள வேலிக்காலாக நிற்கும். கதியால்களுக்கு நடுவே வரிச்சு கட்டி, பனையோலையோ கிடுகோ வைத்து அடைப்பார்கள். ஓலை நைந்துபோக, வேலியடைப்பு மறுபடி வரும். வேலிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று குத்தூசியால் கயிற்றைக் கோத்து வாங்குவதால் இது ஒற்றை ஆளின் வேலையே இல்லை. கூலிக்கு வந்தவரோடு வீட்டாரும் கைகொடுப்பார்கள். கழற்றிய பழைய ஓலை வீணாவதில்லை. தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். அவ்வளவு இறுக்கி அடைத்த வேலியிலும் பக்கத்து வளவுக்குப் போய்வர ஒரு 'பொட்டு' விட்டிருப்பார்கள். எந்த இடத்தில் அடைப்பது, எந்த இடத்தில் விடுவது என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். கூலியாள் கேட்டுத்தான் செய்வார்.

கொல்லையில் நின்று பார்த்தால்

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது பங்கு பிரித்த வேலைதான். எல்லையும் அளவும் பொருள் வாங்குவதும் வீட்டாருடையது. மண் கடினமாக இருந்தால் குழியும், கருங்கல் கால் என்றால் அதை நிறுத்துவதும் கூலிக்கு. தண்ணீர் விடுவதும் நாள் எண்ணுவதும் மறுபடி வீட்டாருடையது. கம்பி கட்ட, மூலையில் முறுக்கி இழுக்கத் தெரிந்த ஒருவர் அரை நாள் வந்தால் போதும். மீதிக் கட்டுக்கம்பி முடிச்சுகளை வீட்டுப் பிள்ளைகளே போட்டுவிடலாம். முதுகுவலி இருப்பவர், அறுபதைத் தாண்டியவர், வாரம் முழுக்க வெளியூரில் இருப்பவர் தயங்காமல் முழு வேலையையும் பேசி விட்டுவிடலாம். ஆனால், நூல் பிடிக்கும் அன்றும் கலவை போடும் அன்றும் விடுப்பு எடுத்துக்கொண்டு கொல்லையில் நிற்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம். பதினொரு கால்களும் ஈரக் கோணி சுற்றிய அடியோடு நிற்கின்றன. மேல் நூலை இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "நாலாவது கால் ஒரு நூல் வெளியே நிக்குது தம்பி" என்கிறார். கலவை இறுகுவதற்குள் அதைத் தட்டிச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. கம்பிச் சுருள் திண்ணையில் கிடக்கிறது. பத்து நாள் கழித்துத்தான் அதற்கு வேலை. அதுவரை, மறுபடி துளிர்க்கத் தொடங்கியிருக்கும் முருங்கைக் கன்றைச் சுற்றி நாலு முள் கிளை.